இருமல் அக்கா

"பொண்ணு கேக்குறா. இருமு."

ஒரு கையில் சிகரெட் பெட்டி, மறு கையில் கைபேசி. எதிரே நிற்கும் பேருந்து ஓட்டுநரின் வாய்க்கு ஒரு சாண் தள்ளிக் கைபேசியை நீட்டிப் பிடித்திருக்கிறாள் அக்கா. ஓட்டுநருக்கு வண்டி கிளம்பும் நேரம். "சாயங்காலம் வந்து இருமுறேன்கா" என்று கெஞ்சுகிறார். சிகரெட் பெட்டி உடனே அவள் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. "அப்ப சாயங்காலமே வந்து வாங்கிக்க." வரிசையில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். ஓட்டுநர் வேறு வழியில்லாமல் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். கைபேசிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், செய்தி வாசிப்பதுபோல, "மூச்சை ஆழமாக உள்ளிழுத்து, பிறகு மூன்று முறை இருமவும்" என்கிறது. அவர் இருமுகிறார். திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றிப் பச்சையாகிறது. "போ, பிழைச்ச. அடுத்த வாரமும் கேப்பா" என்று பெட்டியைக் கொடுக்கிறாள்.

பேருந்துப் பணிமனையின் வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது கடை. தகரமும் பலகையுமாக ஒரு பெட்டி. உள்ளே ஒருக்களித்துத்தான் நுழைய முடியும்; நுழைந்தபின் திரும்ப முடியாது. பிளாஸ்கில் தேநீர், கண்ணாடி ஜாடியில் பிஸ்கட், செய்தித்தாள், பேட்டரி, சோப்பு. தலைக்கு மேலே அடுக்கில் சிகரெட். அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. உடுத்தியிருக்கும் துணிக்கு மேலே எப்போதும் ஓர் ஆண்சட்டை, செத்துப்போன அண்ணனுடையது. அதன் பையில்தான் கைபேசி இருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கடை முழுக்கத் தேடுவாள். யாரும் சொல்ல மாட்டார்கள், அவளாகக் கண்டுபிடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள். கைபேசித் திரையைச் சுண்டுவிரலால் மட்டும்தான் தொடுவாள். சோப்புப் பெட்டிகளையும் சணல்கயிற்றையும் இழுத்து இழுத்து மற்ற விரல்களில் தோல் தடித்துவிட்டது. "இந்தப் பொண்ணு என் சுண்டுவிரலைத்தான் மதிப்பா. மத்த நாலும் அவளுக்கு ஆகாது" என்பாள்.

பொண்ணு என்று அவள் சொல்வது செயலியை. அதைக் கொண்டுவந்து சேர்த்தது வட்டாரச் சுகாதார நிலையத்து நர்ஸ். புகைப்பவர்களின் இருமலையும் மூச்சையும் வாரத்துக்கு வாரம் கேட்டு, சந்தேகம் என்றால் மருத்துவரிடம் போகச் சொல்லும் செயலி. ஆனால் புகைப்பவர்கள் யாரும் சுகாதார நிலையத்துப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. நர்ஸ் ஒருநாள் கடைக்கு முன்னால் நின்று, "சிகரெட் குடிக்கிறவங்களை நான் எங்க தேடுறது? நீங்க விக்கிற இடத்துலதானே அவங்க இருக்காங்க" என்றாள். அக்கா பிஸ்கட் ஜாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் சிகரெட் விக்கிறவ. என்கிட்ட வந்து இதைக் கேக்க உனக்கு எவ்வளவு துணிச்சல்" என்றாள். நர்ஸ் போகத் திரும்பியபோது கைபேசியை எடுத்து நீட்டினாள். "போட்டுக் குடு. எப்படி அமுக்கணும்னு ஒரு தடவைதான் சொல்லணும், ரெண்டாவது தடவை சொன்னா எனக்குக் கோபம் வரும்."

கடை முதலில் அண்ணனுடையதாக இருந்தது. விற்றதில் பாதியை அவரே குடித்தார் என்று பணிமனையில் இன்றும் சொல்வார்கள். அவருடைய இருமலைக் கேட்டுத்தான் பக்கத்துத் தெருவில் காலையில் கதவு திறப்பார்களாம். "சிகரெட் குடிக்கிறவன் இருமத்தான் செய்வான்" என்று அவரும் சொன்னார், ஊரும் சொன்னது. கடைசியில் மருத்துவமனையில் சேர்த்தபோது, செய்வதற்கென்று எதுவும் மிச்சமில்லை. அக்கா இதைப் பற்றிப் பேசுவதில்லை. யாராவது கிண்டினால், "அவன் கதை முடிஞ்சிருச்சு, உன் கதையைச் சொல்லு" என்று முடித்துவிடுவாள்.

தொடக்கத்தில் பணிமனையே அவளைக் கேலி செய்தது. இருமல் அக்கா என்ற பெயர் ஒரே வாரத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு நடத்துநர் நேராகவே கேட்டார்: "விக்கிறதும் நீ, இருமச் சொல்றதும் நீ. இது என்ன நியாயம்?" அக்கா அசரவில்லை. "நான் தரலன்னா தெருக்கோடிக் கடையில வாங்குவ. அங்க உன்னை இருமச் சொல்ல யாரு இருக்கா?" சிலர் தெருக்கோடிக் கடைக்கே போனார்கள். மீதிப் பேர் விளையாட்டாக ஆரம்பித்து வழக்கத்துக்கு வந்தார்கள். ஒரே மூச்சில் 'ஆ' என்று இழுக்கச் சொல்லும் இன்னொரு சோதனையும் செயலியில் உண்டு. அதற்குப் போட்டியே நடந்தது. பாட்டு வராதவர்கள்கூடக் கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க இழுத்தார்கள்.

அந்தப் போட்டியில் முதல் ஆளாக ஜெயித்துக்கொண்டிருந்தவன் ஸ்பானர்.

எஞ்சின் பிரிவின் மூத்த மெக்கானிக். பின்பையில் எப்போதும் ஒரு ஸ்பானர் துருத்திக்கொண்டிருக்கும்; வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அதோடுதான் போனான் என்று பேச்சு. கூடப்பிறக்காத தம்பி மாதிரி அக்காவிடம் உரிமையெடுத்துக்கொள்வான். கடையில் அவள் இல்லாவிட்டால் தானே உள்ளே ஒருக்களித்து நுழைந்து, வருபவர்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுப்பான். "என் நெஞ்சு டீசல் எஞ்சின்கா. புகை வந்தாத்தான் நல்லா ஓடுதுன்னு அர்த்தம்" என்று மார்பைத் தட்டிக்கொள்வான்.

மழைக்காலம் முடிந்த பிறகு அவனுடைய வட்டம் மஞ்சளாகியது. "பனி" என்றான். அடுத்த வாரமும் மஞ்சள். "நேத்து ரெண்டு எஞ்சின் இறக்கினேன், தூசி." 'ஆ' என்று இழுப்பது பாதியில் அறுந்தது, முன்பு அவனிடம் தோற்றவர்கள் எல்லாம் ஜெயித்தார்கள். செயலி கேள்வி கேட்கும்: மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, சளியின் நிறம் என்ன, எத்தனை வருடமாகப் புகைக்கிறீர்கள். இதற்கெல்லாம் அவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். அக்கா அவனை முறைத்துக்கொண்டே, தான் கண்டதை அமுக்கினாள். ஒரு காலையில் வட்டம் சுற்றி நின்றபோது சிவப்பாக இருந்தது. "தாமதிக்காமல் மருத்துவரை அணுகவும்" என்றது குரல்.

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

ஸ்பானர்தான் சிரித்தான். "உன் போனுக்குத்தான்கா சளி. அதைக் கூட்டிட்டுப் போய்க் காட்டு." சிகரெட்டுக்குக் கையை நீட்டினான். அக்கா தரவில்லை. "டாக்டர்கிட்ட போயிட்டு வா. பெட்டியோட தர்றேன்." அவன் முகம் மாறியது. "பிச்சையா கேக்குறேன்?" என்று திரும்பி நடந்தவன், தெருக்கோடிக் கடைக்குப் போனான். மறுநாளும் அங்கேதான் போனான். அக்காவின் கடையைக் கடக்கும்போது எதிர்ச்சாரிச் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

அக்கா தாங்கிக்கொண்டாள், ஒரு வாரம்போல. அதற்குள் தேநீரில் சர்க்கரை போட மறந்தாள், கேட்காதவருக்குப் பேட்டரியைக் கொடுத்தாள். பிறகு ஒரு முற்பகலில், வியாபாரம் சூடுபிடித்திருக்கும் வேளையில், பலகைகளை மாட்டிக் கடையை அடைத்தாள். மழையிலும் காய்ச்சலிலும் அடைக்காத கடை. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. அண்ணனின் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, சாலையைக் கடந்து, பணிமனை வாசலில் காவலாளி "அக்கா, அக்கா" என்று பின்னால் வருவதைப் பொருட்படுத்தாமல், நேரே எஞ்சின் பிரிவுக்குள் போனாள்.

தரையில் நீளமான பள்ளம். அதன்மேல் ஒரு பேருந்து. பள்ளத்துக்குள் நின்று, தலைக்கு மேலிருந்த அடிப்பாகத்தில் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான் ஸ்பானர். அக்கா பள்ளத்தின் விளிம்பில் குந்தினாள்.

"இங்க வெளியாளுங்க வரக்கூடாதுக்கா" என்றான், அவள் பக்கம் திரும்பாமல்.

"நானா வெளியாளு? இந்த டிப்போவுல பாதிப் பேரு நெஞ்சுக்குள்ள என் கடைச் சரக்குதான் இருக்கு."

மற்ற மெக்கானிக்குகள் வேலையை நிறுத்திவிட்டார்கள். எவரோ காற்றடிக்கும் எந்திரத்தை அணைத்தார்.

"மேல வா" என்றாள்.

"வேலை இருக்கு."

"ஏணியில ஏற முடியுதா உனக்கு?"

அவன் கையிலிருந்த விளக்கைத் தணித்துப் பிடித்தான். நெற்றியில் வேர்வையும் கிரீஸும் கலந்து வழிந்தது. அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "பாதியில நிக்கிறேன்கா. எதையோ கீழ விட்டுட்ட மாதிரி திரும்பிப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். யாருக்கும் தெரியல."

"வீட்டுல?"

"அவளுக்குத் தெரியாது."

"எப்பலருந்து?"

"போன மழையிலருந்தே." தொண்டையைச் செருமினான். "போனா ஏதாச்சும் சொல்லிருவாங்க."

"சொல்லட்டும். யாரும் எதுவும் சொல்லாததுனால எங்க அண்ணன் ஒண்ணும் பிழைச்சிடல." அவள் குரல் முதன்முறையாக இறங்கியது. "இப்பப் போனா சின்னதாச் சொல்லுவாங்க. பெறகு போனா பெருசாச் சொல்லுவாங்க. சொல்றது ரெண்டு தடவையும் நடக்கும், எதைக் கேக்குறதுன்னு நீதான் முடிவு பண்ணணும்."

ஸ்பானர் விளக்கைக் கொக்கியில் மாட்டினான். ஏணியில் கால்வைத்தான். பாதியில் நின்றான், இந்தமுறை எதையும் தேடுவதுபோல் நடிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளிப்படையாக, தோள் ஏறி இறங்க மூச்சு வாங்கினான். கைகொடுக்க ஒருவர் ஓடிவந்தார். அக்கா தடுத்தாள். அவனாகவே மேலே வந்து சேர்ந்தான்.

"நாளைக்குப் போறேன்கா."

"இன்னைக்கு. கடையை ஒரு தடவைதான் மூடுவேன்."

மீதி வேலையை மற்றவர்கள் முடித்துக் கொடுக்க, அந்தப் பேருந்திலேயே இருவரும் போனார்கள். சுகாதார நிலையத்தில் நர்ஸ் மூச்சை அளக்கும் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னாள். ஊதினான். மறுபடி ஊதச் சொன்னாள். எண்ணைப் பார்த்துவிட்டு அவள் சிரிக்கவில்லை, பதறவும் இல்லை. அன்றே மருத்துவரிடம் சொல்லிப் பெரிய மருத்துவமனைக்கு ஸ்கேன் எழுதி வாங்கிக் கொடுத்தாள். வெளியே வந்ததும் அக்கா, "பொண்டாட்டிக்குப் போனைப் போடு" என்றாள். "அப்புறமா" என்றான். "நானே போடுவேன்" என்று அவன் பையிலிருந்து கைபேசியை உருவினாள். போட்டான்.

ஸ்பானரின் மனைவி மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பிரிவில் வேலை பார்ப்பவள். இத்தனை வருடத்தில் அக்காவின் கடைப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அந்தத் தெருவில் போக நேர்ந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போவாள். "என் புருஷன் நெஞ்சுல கொள்ளி வைக்கிறவ வாசல்ல நான் காலை வைக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தது அக்காவின் காதுக்கும் வந்திருந்தது. ஸ்கேன் முடிவு வந்த நாளில் அந்த இரண்டு பெண்களும் ஒரே நடைபாதையில், ஒரே வரிசை நாற்காலியில், நடுவில் இரண்டு நாற்காலியை விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பானர் நடுவில் உட்காரலாமா, யார் பக்கம் உட்காரலாம் என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தான்.

மருத்துவர் இளம்பெண். சுற்றிவளைக்காமல் பேசினார். மூச்சுக்குழாய்கள் சுருங்கத் தொடங்கியிருக்கின்றன. இன்ஹேலரில் மருந்தை உறிஞ்சி, சிகரெட்டை விட்டால் மேலும் கெடாமல் நிறுத்தலாம். ஆனால் ஸ்கேனில் வேறொன்றும் தெரிகிறது. வலது நுரையீரலில் ஒரு பட்டாணி அளவுக் கட்டி. புற்றுநோயாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை.

மனைவி முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்: "அந்தப் போனா இந்தக் கட்டியக் கண்டுபிடிச்சது?"

"இல்லம்மா. அந்த ஆப்புக்குக் கட்டியெல்லாம் தெரியாது. மூச்சு குறையுது, இவரைப் பாருங்கன்னு மட்டும்தான் சொல்லும். பாக்கப்போனதுனால கட்டி அகப்பட்டுச்சு." மருத்துவர் ஸ்பானரைப் பார்த்தார். "இந்த அளவுல இருக்கறப்ப யாருக்கும் வலி வராது. வலி வந்து வர்றவங்கள்ல நிறையப் பேருக்கு என்னால எடுத்துப் போட முடியறதில்லை. உங்களுக்கு முடியும்னு நினைக்கிறேன்."

ஸ்பானர் நாற்காலியில் உட்கார்ந்தான். அக்கா பக்கமா மனைவி பக்கமா என்று பார்க்கவில்லை.

அறுவைச் சிகிச்சை நடந்த அன்று கடை திறந்திருந்தது. ஆனால் அக்கா யாரையும் இருமச் சொல்லவில்லை. கேட்டதை எடுத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான். வழக்கமாக வாங்கிக்கொண்டு போகிறவர்கள் போகாமல் கடையைச் சுற்றி நின்றார்கள். மதிய வேளையில் சட்டைப்பை அதிர்ந்தது. அவள் சுண்டுவிரலால் தொட்டாள், திரை கேட்கவில்லை. துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டாள். பேசியது ஸ்பானரின் மனைவி. முதன்முதலாக.

"எடுத்துட்டாங்க. மொத்தமா எடுத்துட்டாங்களாம். பக்கத்துல எங்கயும் இல்லையாம்." அதற்குமேல் அந்தப் பக்கம் அழுகைதான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அக்கா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "எடுத்தாச்சாம்" என்றாள். பணிமனைக்குள் நின்றிருந்த பேருந்து ஒன்றின் ஹாரனை யாரோ அழுத்தினார்கள். அதற்குப் பதில்போல இன்னொன்று. பிறகு நின்ற வண்டிகள் எல்லாம் சேர்ந்துகொண்டன. மேலாளர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார், திட்டுவதற்கு வாயைத் திறந்தார், விஷயம் தெரிந்ததும் சும்மா நின்றார்.

அதற்குப் பிறகு அக்கா யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. காலையில் பலகையைக் கழற்றும்போதே ஆட்கள் நிற்பார்கள், தொண்டையைத் தயார்செய்துகொண்டு. சிகரெட்டை விட்டவர்கள்கூட வந்து இருமிவிட்டுப் போனார்கள். ஒரு பயணச்சீட்டுப் பரிசோதகருக்கு மஞ்சள் வந்தது. சுகாதார நிலையத்தில் மூச்சுக்குழாய் நோய் ஆரம்ப நிலையிலேயே பிடிபட்டு, இப்போது பையில் சிகரெட் இருந்த இடத்தில் உறிஞ்சும் மருந்தை வைத்துக்கொண்டு திரிகிறார். மேலாளர் வேலை நேரத்திலேயே ஆட்கள் வந்துபோக அனுமதி கொடுத்தார். அவரும் ஒருநாள் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு 'ஆ' என்று இழுத்தார், கூச்சத்தோடு. தெருக்கோடிக் கடைக்காரர் ஒரு மத்தியானம், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்து நின்றார். அக்கா கைபேசியை நீட்டினாள். இருமினார். பச்சை. "உங்க கடையிலயும் இதைப் போட்டுக்கங்கண்ணே" என்றாள். "எனக்கு அமுக்கத் தெரியாதும்மா" என்றார். அவர் கைபேசியை வாங்கி, நர்ஸ் காட்டிய வழியிலேயே, ஒரே ஒரு தடவை சொல்லிக்கொடுத்தாள்.

தலைக்கு மேலிருந்த அடுக்கில் சிகரெட் வரிசை குறுகிக்கொண்டே வந்தது. காலியான இடத்தில் ஷூ நாடா வந்தது, பிறகு குடை, பிறகு ஆரஞ்சு. "வியாபாரம் எப்படிக்கா?" என்று கேட்டால், "ஆரஞ்சுக்குத்தான் இருமச் சொல்ல முடியல. மத்தபடி குறை இல்லை" என்கிறாள்.

ஸ்பானர் வேலைக்குத் திரும்பிய காலையில் பணிமனை வாசலில் கூட்டம். ஆள் இளைத்திருந்தான். சட்டை தோளில் தொங்கியது. பின்பையில் ஸ்பானர் துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பலரும் நிம்மதியடைந்தார்கள். அவன் பணிமனைக்குள் போகாமல் சாலையைக் கடந்து கடைக்கு வந்தான். அவனுக்குப் பின்னால் அவன் மனைவி. கடை வாசலின் பலகைமேல் காலை வைத்து ஏறினாள்.

அக்கா பிளாஸ்கை எடுத்தாள். "டீ குடிக்கிறியா?" என்றாள்.

அந்தப் பெண் கல்லாவுக்கு மேலே கையை நீட்டி அக்காவின் வலது கையைப் பிடித்தாள், சணல்கயிறு தடிக்கவைத்த விரல்களோடு. ஸ்பானரை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னாள். அவன் முதுகில், வலது தோள்பட்டைக்குக் கீழே, தழும்பு இருந்த இடத்தில் அக்காவின் உள்ளங்கையைப் பதியவைத்து, தன் கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"மூச்சை இழுங்க" என்றாள் கணவனிடம்.

அவன் இழுத்தான். அக்காவின் கை மெல்ல மேலே எழுந்தது, நின்றது, இறங்கியது. மறுபடியும் எழுந்தது. வெளியே யாரோ செய்தித்தாள் கேட்டார்கள். அவள் கையை எடுக்கவில்லை.